ஆறு மாதத்தில் வேலை: லோயர், ஹையர் முதல் கோடிங் பூட்கேம்ப் வரை

"ஆறு மாச கோடிங் கோர்ஸ் முடிச்சா எவ்வளவு சம்பளம் வரும்?" நீலகிரியிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விதான். நான் சாஃப்ட்வேர் ஆள் என்பதால் கேட்கிறார்கள். கேட்பவர்கள் தோட்டத்தில் வேலை பார்ப்பவர்கள், ஓரிரு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்கள், சீசனுக்கு டாக்ஸி ஓட்டுபவர்கள். கையில் ஒரு விளம்பரம் இருக்கும். அதில் ‘ஆண்டுக்கு இத்தனை லட்சம் வரை’ என்று ஒரு எண் இருக்கும். கோர்ஸ் ஃபீஸ் ஒரு எண். பிள்ளைக்காக நகையை அடகு வைக்கலாமா வேண்டாமா என்பதுதான் அவர்கள் உண்மையில் கேட்பது.

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாமல் பழைய விவரங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. கேள்வி புதுசே இல்லை. ‘ஆறு மாசம் கத்துக்கோ, வேலைக்குப் போ’ என்ற வாக்கை தமிழ்நாடு மூன்று தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் சிலருக்கு அது பலித்தது, பலருக்கு இல்லை. எப்போது பலித்தது, ஏன் பலித்தது என்று பார்த்தால் பாடத்திட்டத்தைவிட இரண்டு விஷயங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. ஒன்று, படிப்பு முடியும் இடத்தில் ஆள் எடுக்க யார் காத்திருந்தார்கள். இரண்டு, வேலை கிடைக்காவிட்டால் நஷ்டம் யார் தலையில் விழுந்தது.

இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் பார்ப்போம்.

லோயர், ஹையர்

நம் ஊர்களின் முதல் பூட்கேம்ப் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்தான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஏதாவது ஒரு மாடியில் பத்துப் பதினைந்து மெஷின்கள், மணிக்கு ஒரு பேட்ச். ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45 வார்த்தை. சுருக்கெழுத்து தனி.

இதில் கவனிக்க வேண்டியது, தேர்வை இன்ஸ்டிடியூட் நடத்தவில்லை. அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தியது, இன்றும் நடத்துகிறது. கற்றுக்கொடுப்பவர் ஒருவர், சான்றிதழ் கொடுப்பவர் வேறொருவர். ஃபீஸ் மாதா மாதம். பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் நின்றுவிடலாம், நஷ்டம் ஒரு மாதக் கட்டணம்தான். சம்பளத்திலும் மர்மம் கிடையாது. டி.என்.பி.எஸ்.சி. தட்டச்சர் பணிக்கு எத்தனை இடம், என்ன ஊதிய விகிதம் என்பதெல்லாம் அறிவிப்பிலேயே இருக்கும். ‘சராசரி பேக்கேஜ்’ என்று யாரும் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

நீலகிரிக்கு இன்னொரு வசதியும் இருந்தது. டைப்பிஸ்ட் வேலைக்கு மலையை விட்டு இறங்க வேண்டியதில்லை. ஒரு சின்ன மாவட்டத்துக்கு அலுவலகங்கள் அதிகம். குன்னூரில் தோட்ட முதலாளிகளின் அமைப்பான உபாசி (1893), பாஸ்டர் இன்ஸ்டிடியூட் (1907), அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை (1904), கேத்தியில் நீடில் இண்டஸ்ட்ரீஸ் (1949), ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் (1960), வெலிங்டனில் ராணுவ அலுவலகங்கள். இவை போக ஒவ்வொரு எஸ்டேட்டிலும் ஓர் ஆபீஸ். லோயர், ஹையர் முடித்த ஒரு பெண், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் வேலை தேட முடிந்தது. எல்லோருக்கும் கிடைத்ததா என்றால் இல்லை. ஆனால் எங்கே கேட்பது என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த நிலை நிலைக்கவில்லை. ‘இந்து’ பிலிம் தயாரித்த போட்டோ பிலிம்ஸ் 1990களில் நலிந்த நிறுவனப் பட்டியலுக்குப் போய், கடைசியில் மூடப்பட்டது. மற்ற ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் வந்தபின் தனியாக டைப்பிஸ்ட் தேவைப்படுவது குறைந்தது.

கம்ப்யூட்டர் சென்டர்களின் காலம்

என்.ஐ.ஐ.டி. 1981-ல் டெல்லியில் தொடங்கியது. ஆப்டெக் 1986. ராஜீவ் காந்தி அரசு 1984-ல் கம்ப்யூட்டர் இறக்குமதியைத் தளர்த்திய கொள்கைக்குப் பிறகு இந்தத் தொழில் வேகம் பிடித்தது. சென்னையில் கல்பாத்தி சகோதரர்களின் எஸ்.எஸ்.ஐ., தெருவுக்குத் தெரு சி.எஸ்.சி. என்று 1990களில் தமிழ்நாடு முழுக்க போர்டுகள் தொங்கின. கோபால், சி, விஷுவல் பேசிக், ஆரக்கிள், அப்புறம் ஜாவா என்று பாடங்கள் மாறிக்கொண்டே வந்தன.

டைப்ரைட்டிங்கோடு ஒப்பிட்டால் மூன்று மாற்றங்கள். சொல்லிக் கொடுப்பவரே சான்றிதழும் கொடுக்கத் தொடங்கினார். (மத்திய அரசு 1990 வாக்கில் டோயக் என்ற பெயரில் ‘ஓ’, ‘ஏ’, ‘பி’ லெவல் பொதுத் தேர்வுகளைக் கொண்டுவந்தது. ஆனால் விளம்பரத்தில் ஜெயித்தவை தனியார் டிப்ளமாக்கள்தான்.) ஃபீஸ் மாதக் கட்டணத்திலிருந்து ஆயிரக்கணக்கான ரூபாய் மொத்தத் தொகையாக மாறியது. மூன்றாவதுதான் முக்கியம். பெரும்பாலான சென்டர்கள் ஃபிராஞ்சைஸ். உள்ளூர்க்காரர் இடம் போட்டு நடத்துவார், ஃபீஸில் ஒரு பங்கு தலைமை நிறுவனத்துக்குப் போகும். அதாவது மாணவர் சேர்ந்த அன்றைக்கே எல்லோருக்கும் வருமானம் வந்துவிடும். வேலை கிடைத்ததா என்பது மாணவரின் பிரச்சினை.

ஆனாலும் 1990களின் கடைசியில் இது நன்றாகவே வேலை செய்தது. காரணம் வெளியே இருந்தது. 2000-ஆம் ஆண்டுப் பிரச்சினை, அதாவது ஒய்2கே, பழைய கோபால் நிரல்களில் இரண்டே இலக்கமாக எழுதியிருந்த ஆண்டுகளை உட்கார்ந்து திருத்த லட்சக்கணக்கான ஆட்களைக் கேட்டது. அமெரிக்காவின் எச்-1பி விசா வரம்பு 65,000-லிருந்து 1999-ல் 1,15,000 ஆனது, 2001-ல் 1,95,000 ஆனது. அப்போது பொறியியல் கல்லூரிகள் இவ்வளவு இல்லை. பி.காம்., பி.எஸ்சி. முடித்துவிட்டு ஒரு டிப்ளமா வைத்திருந்தவரைக்கூட கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. ஹைதராபாத்தின் அமீர்பேட்டை ஒரு பேட்டையே பயிற்சி மையமாக மாறியது இந்த அலையில்தான்.

பிறகு அலை திரும்பியது. நாஸ்டாக் பங்குக் குறியீடு 2000 மார்ச் 10-ஆம் தேதி 5,048 புள்ளிகளில் முடிந்தது. 2002 அக்டோபரில் 1,114. நான் பி.இ. முடித்தது 2002-ல். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருவதாகச் சொன்ன கம்பெனிகள் வரவில்லை. எங்கள் பேட்ச்சில் பலர் ‘கேப்’ விழக்கூடாது என்று ஏதாவது ஒரு சென்டரில் ஜாவா சேர்ந்தார்கள்.

என்ஜினியர் மூளைக்கு இது ஒரு அழகான பரிசோதனை. 1999-ல் ஜாவா டிப்ளமா முடித்தவரும் 2002-ல் முடித்தவரும் படித்தது ஏறக்குறைய ஒரே பாடம். சென்டரும் அதே, ஃபீஸும் கிட்டத்தட்ட அதே. ஒருவர் விசாவோடு விமானம் ஏறினார். இன்னொருவர் பி.பி.ஓ. வேலைக்கு வரிசையில் நின்றார். இன்புட் ஒன்றாக இருந்து அவுட்புட் இவ்வளவு மாறுகிறது என்றால், விடையைத் தீர்மானிக்கும் மாறி பாடத்துக்கு வெளியே இருக்கிறது என்றுதான் அர்த்தம். பயிற்சித் தொழிலே அப்போது ஆடிப்போனது. எஸ்.எஸ்.ஐ.யின் கல்பாத்தி சகோதரர்களை இன்றைய தலைமுறைக்கு ஏ.ஜி.எஸ். சினிமாஸ் முதலாளிகளாகத்தான் தெரியும்.

கம்பெனியே பள்ளிக்கூடம் ஆனபோது

2004-க்குப் பிறகு வேலை திரும்பி வந்தது, ஆனால் வேறு வழியில். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை ஏறி 2010களின் தொடக்கத்தில் 500-ஐத் தாண்டியது. கம்பெனிகளுக்குக் கல்லூரி வாசலிலேயே ஆள் கிடைத்தது. மெக்கானிக்கலோ சிவிலோ, எந்தப் பிரிவாக இருந்தாலும் எடுத்து, தாங்களே சில மாதம் பயிற்சி கொடுத்தார்கள். இன்ஃபோசிஸின் மைசூர் பயிற்சி வளாகம் 2005-ல் திறந்தது இதற்காகத்தான். அங்கே நடந்ததும் ஒரு பூட்கேம்ப்தான், ஆனால் ஃபீஸ் கட்டுவதற்குப் பதில் சம்பளம் வாங்கிக்கொண்டு படித்தார்கள். வெளியே காசு கட்டி டிப்ளமா படித்தவருக்கு இடம் சுருங்கியது.

ஆள் வெள்ளமாகக் கிடைத்ததன் விளைவு சம்பளத்தில் தெரிந்தது. 2000களின் பிற்பகுதியில் பெரிய சேவை நிறுவனங்கள் புதியவர்களுக்குக் கொடுத்தது ஆண்டுக்கு 3 லட்சத்தை ஒட்டி. 2020களின் தொடக்கத்திலும் டி.சி.எஸ்.ஸின் அடிப்படை நிலைத் தொகை 3.36 லட்சம்தான். இடைப்பட்ட காலத்தில் விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. அதாவது நான்கு ஆண்டு பி.இ. படித்தவருக்கே ஆரம்பச் சம்பளம் உண்மையில் பாதியாகிவிட்டது. ஆறு மாசக் கோர்ஸ் விளம்பரத்தின் எண்ணை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இதே காலத்தில் தமிழ்நாட்டில் வேறு ஒரு முயற்சியும் நடந்தது. ஸ்ரீதர் வேம்புவின் நிறுவனம் 2005-ல் ஆறு மாணவர்களோடு ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இன்றைய ஸோஹோ ஸ்கூல்ஸ் அதுதான். பிளஸ் டூ, டிப்ளமா முடித்தவர்களை எடுத்து, ஃபீஸ் வாங்காமல், மாத உதவித்தொகை கொடுத்து, இரண்டு வருடம் பயிற்சி. முடித்தவர்கள் பெரும்பாலும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். நஷ்டம் வந்தால் முழுக்க கம்பெனிக்கு. அதனால்தான் சேர்க்கையும் கொஞ்சம் பேருக்குத்தான். தன் பணத்தைப் போடுகிறவர் கண்டபடி ஆள் சேர்க்க மாட்டார்.

எச்.சி.எல். 2017-ல் கொண்டுவந்த டெக்பீ இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பிளஸ் டூவில் கணிதம் படித்தவர்களுக்கு ஒரு வருடப் பயிற்சி, பிறகு அங்கேயே வேலை, வேலை பார்த்துக்கொண்டே பிட்ஸ் பிலானி, சாஸ்த்ரா போன்ற இடங்களில் பட்டப்படிப்பு. கட்டணம் உண்டு, பயிற்சிக் காலத்தின் பிற்பகுதியில் உதவித்தொகையும் உண்டு. தொடக்கச் சம்பளமாக அவர்கள் அறிவித்தது ஆண்டுக்கு 1.70 முதல் 2.20 லட்சம் வரை. எண் சின்னதுதான். ஆனால் ஒரு நல்ல விஷயம், எண் முன்கூட்டியே தெரிகிறது, கொடுக்கப்போவது யார் என்பதும் தெரிகிறது. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1-ஆம் தேதி தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் வந்தபின், இதுபோன்ற வாய்ப்புகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் காதுக்கும் எட்ட ஆரம்பித்தன.

அமெரிக்காவில் நடந்தது

பூட்கேம்ப் என்பது அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான பயிற்சி முகாமின் பெயர். அதை கோடிங்குக்கு எடுத்துப் பிரபலமாக்கியது சான் பிரான்சிஸ்கோவில் 2012-ல் தொடங்கிய டெவ் பூட்கேம்ப். சில வாரங்களில் புரோகிராமர், அதற்குப் பல ஆயிரம் டாலர் கட்டணம். ஆரம்ப பேட்ச்கள் நல்ல வேலைகளுக்குப் போயின. உடனே ஊருக்குப் பத்து பூட்கேம்ப் முளைத்தன. டெவ் பூட்கேம்ப் 2017-ல் மூடப்பட்டது. நம்ம 1999, 2002 கதையேதான், கொஞ்சம் மெதுவாக.

அதே 2017-ல் லாம்ப்டா ஸ்கூல் வந்தது. முதலில் ஃபீஸ் வேண்டாம், வேலை கிடைத்து ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் சம்பாதித்தால் இரண்டு வருடம் வருமானத்தில் 17 சதவீதம் கொடுத்தால் போதும் என்றார்கள். கேட்க நியாயமாக இருந்தது. நஷ்டத்தைப் பள்ளியே ஏற்றுக்கொள்வதுபோல் தெரிந்தது. இந்த மாதிரியை இந்தியாவிலும் 2019-ல் பெங்களூரில் தொடங்கிய மசாய் ஸ்கூல் போன்றவை எடுத்துக்கொண்டன.

2024 ஏப்ரலில் அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, ப்ளூம்டெக் என்று பெயர் மாறியிருந்த அந்தப் பள்ளிமேல் நடவடிக்கை எடுத்தது. அந்த உத்தரவைப் படித்தால் விளம்பர எண் எப்படித் தயாராகிறது என்று புரியும். வெளியே சொன்னது 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை. உள் கணக்கில் அது 50 சதவீதத்தை ஒட்டி, சில சமயம் 30 சதவீதம் வரை இறங்கியிருந்தது. ஒரு பேட்ச்சில் 100 சதவீதம் வேலை என்று தலைமை அதிகாரி ட்விட்டரில் பெருமைப்பட்டார். அந்த பேட்ச்சில் இருந்தது ஒரே ஒரு மாணவர்! இன்னொன்று, மாணவரின் வருங்காலச் சம்பளத்தின் மீதான பங்கை முதலீட்டாளர்களுக்கு விற்று முன்கூட்டியே பணம் பார்த்திருந்தார்கள். மாணவருக்கு வேலை கிடைத்தால்தான் பள்ளிக்குக் காசு என்ற வாக்கு அதோடு காலி.

மலைக் கணக்கு

இப்போது நீலகிரிக்குத் திரும்பி வருவோம். தமிழ்நாடு அரசு 2021-ல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச நாட்கூலி 425 ரூபாய் 40 காசு. மாதம் 26 நாள் என்று வைத்தால் சுமார் 11,060 ரூபாய். ஆண்டுக்கு 1.70 லட்சம் என்றால் மாதம் 14,170. வித்தியாசம் மூவாயிரம் ரூபாய்தான். தோட்டத்தில் லைன் வீடு உண்டு. சென்னையில் ஹாஸ்டல், சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் செலவு எல்லாம் சேர்த்தால் அந்த மூவாயிரம் முதல் வாரத்திலேயே கரைந்துவிடும்.

அப்படியானால் போக வேண்டாமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தோட்டக்கூலியும் கோடிங் சம்பளமும் ஒரே இடத்தில் ஆரம்பித்தாலும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. தேயிலை பறிப்பதில் 20 வருட அனுபவத்துக்குக் கிடைக்கும் கூடுதல் மிகக் கொஞ்சம். மென்பொருளில் மூன்று நான்கு வருடம் நிஜ வேலை பார்த்தவர் வேறு கம்பெனிக்கு மாறும்போதுதான் சம்பளம் உண்மையில் எகிறுகிறது. ஆகவே இந்தப் படிப்பின் மதிப்பு முதல் சம்பளத்தில் இல்லை, அந்த மூன்று வருட அனுபவத்தைப் பெற்றுத்தருமா என்பதில் இருக்கிறது. கோர்ஸ் முடித்து வேலையே கிடைக்காதவருக்கு அந்த ஏணியின் முதல் படியே கிடையாது. கடன் மட்டும் மிஞ்சும்.

நம் மலையில் இந்தக் கவலைக்கு ஒரு பழைய நினைவும் உண்டு. 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்காக 1968-ல் அரசு தேயிலைத் திட்டம் ஆரம்பித்தது. இன்றைய டான்டீ அதுதான். அவர்களுடைய பிள்ளைகளில் நிறையப் பேர் திருப்பூர், கோவை மில்களுக்கு இறங்கிப் போனார்கள். இன்று கோர்ஸ் பற்றிக் கேட்பவர்களில் அந்தப் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். வாக்குறுதியை நம்பி இடம் மாறுவது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அதனால் போனில் கேட்பவர்களிடம் இப்போது நான் எண் சொல்வதில்லை. இன்ஸ்டிடியூட்டில் போய் கேட்கச் சொல்லி நாலு கேள்வி கொடுக்கிறேன்.

1. போன பேட்ச்சில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? ‘தகுதி பெற்றவர்களில்’ என்று பதில் வந்தால் கவனம். நடுவில் நின்றவர்கள் கணக்கிலிருந்து கழன்றிருப்பார்கள்.
2. அதிகபட்சச் சம்பளமும் சராசரியும் வேண்டாம். எல்லோரையும் சம்பளப்படி வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு?
3. எடுத்த கம்பெனிகளின் பெயர் என்ன, ஒவ்வொன்றும் எத்தனை பேர்? சுவரில் ஒட்டியிருக்கும் லோகோ பதில் ஆகாது.
4. வேலை கிடைக்காவிட்டால் எங்கள் பணம் என்ன ஆகும்? எழுத்தில் தருவீர்களா?

நாலாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்தே மற்ற மூன்று பதில்களின் உண்மையை ஊகித்துவிடலாம். கோர்ஸ் தேவையே இல்லை, பாடம் மட்டும் போதும் என்பவர்களுக்கு இலவசமாகவும், தமிழிலும் இன்று இணையத்தில் நிறைய இருக்கிறது. முதல் இரண்டு மாதம் அதில் படித்துப் பார்த்து, பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்த பிறகு காசு கட்டலாம். டைப்ரைட்டிங் காலத்தின் மாதக் கட்டணத்தில் இருந்த பாதுகாப்பு கொஞ்சமாவது திரும்பக் கிடைக்கும்.

இதெல்லாம் சிக்கலான கணக்கு என்று சில பெற்றோர் தயங்குகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பசுந்தேயிலைக்கு மாவட்டச் சராசரி விலை என்று தேயிலை வாரியம் மாதா மாதம் அறிவிக்கிறது. அதைப் பேப்பரில் பார்த்துவிட்டு எந்த விவசாயியும் வீட்டுச் செலவுக்குக் கணக்குப் போடுவதில்லை. ‘அது சரி, நம்ம ஃபேக்டரி இந்த மாசம் கிலோவுக்கு என்ன கொடுக்குது, பணம் எப்போ வரும்?’ என்றுதான் கேட்கிறார். பிள்ளையின் கோர்ஸுக்கும் அதே கேள்வியைக் கேட்டால் போதும்.